நன்னீர் ஆமைகளின் உணவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: செங்காது ஆமைக்குஞ்சு ஒன்றை வாங்கி, கடையில் தந்த உலர்ந்த இறாலை மட்டும் ஆறு மாதமாகக் கொடுத்து வருகிறோம். அதன் ஓடு மெத்தென்று இருக்கிறது. என்ன குறை?

பதில்: இறாலை மட்டுமே கொடுத்ததும், வெயில் படாமல் வளர்த்ததும் சேர்ந்து இந்த நிலையை உண்டாக்கியிருக்க வாய்ப்பு அதிகம். மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட இந்த ஆமை, குஞ்சாக இருக்கும்போது பூச்சி, தலைப்பிரட்டை, நத்தை, சிறு மீன் ஆகியவற்றையே பெரிதும் தின்னும். வளர வளர நீர்த்தாவரங்களை அதிகமாக உண்ணத் தொடங்கும். நத்தையை ஓட்டோடும் மீனை முள்ளோடும் விழுங்குவதால், அதன் ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து இரையிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அதை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் டி வேண்டும். அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். மூடிய ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய முழுவதும் தடுக்கப்பட்டுவிடுகிறது என்பதைப் பலர் அறிவதில்லை.

ஓட்டின் விளிம்பை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆறு மாதக் குஞ்சின் விளிம்பு நகம்போல் உறுதியாக இருக்க வேண்டும். அட்டைபோல் வளைந்தால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். உணவைப் பொறுத்தவரை, ஆமைகளுக்கென்று விற்கும் பெல்லட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மண்புழு, முள்ளோடு கூடிய சிறு மீன், முருங்கைக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுங்கள். நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டைத் தண்ணீரில் மிதக்க விடலாம். ஆமை வேண்டும்போது அதைக் கொறித்துக்கொள்ளும். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்த ஆமைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளும் உணவு போதும்.

கேள்வி: தரையில் வைத்து ஊட்டினால் வாயில் எடுத்துவிட்டு விழுங்காமல் தவிக்கிறது. ஏன்?

பதில்: நீரில் வாழும் இவ்வகை ஆமைகளுக்குப் பல் கிடையாது, நாக்கும் அதிகம் அசையாது. அலகால் கவ்வி, முன்னங்கால் நகங்களால் இரையைக் கிழித்து, தண்ணீரோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆகவே உணவைத் தண்ணீருக்குள்தான் போட வேண்டும்.

கேள்வி: கண்கள் வீங்கி மூடிக்கொண்டன, சாப்பிடவும் மறுக்கிறது. கேரட் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: வைட்டமின் ஏ குறைபாட்டில் இமைகள் இப்படி வீங்குவது உண்டு; தொற்றும் காரணமாக இருக்கலாம். கண் தெரியாத ஆமை இரையைத் தேடாது என்பதால் இந்தக் கட்டத்தில் கேரட்டால் பயன் இல்லை. இந்த வைட்டமின் அளவு மீறினால் நஞ்சாகும். எனவே மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். குணமான பிறகு கேரட்டும் பரங்கிக்காயும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: மழைக்குப் பின் எங்கள் தோட்டத்துக்குப் பாலாமை ஒன்று வந்தது. அதற்கு என்ன கொடுத்து வளர்க்கலாம்?

பதில்: வளர்க்கவே கூடாது. பாலாமை 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ள உயிர்; அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம். தவளை, நத்தை, நண்டு, மீன், செத்த பிராணிகள், நீர்த்தாவரங்கள் என்று ஏரியிலும் வயலிலும் கிடைப்பதையெல்லாம் தின்று நீர்நிலையைத் துப்புரவு செய்யும் உயிர் அது. கோடையில் குளம் வற்றினால் சேற்றில் புதைந்து, இரையின்றியே மழைக்குக் காத்திருக்கும். உங்கள் தோட்டத்துக்கு அது பசியால் வந்ததாகக் கருத வேண்டாம். நீர்நிலை மாறிச் செல்லும் வழியில் வந்திருக்கலாம். அருகிலுள்ள குளத்தின் கரையில் விட்டுவிடுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: கோயில் குளத்து ஆமைகளுக்குப் பொரி போடுவது நல்லதா?

பதில்: பக்தியோடு செய்வதைக் குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் பொரியில் மாவுச்சத்தைத் தவிர ஆமைக்கு வேண்டியது அநேகமாக எதுவும் இல்லை. தின்னாமல் மிஞ்சுவது ஊறி அடியில் தங்கி அழுகுவதால் நீரில் உயிர்வளி குறைகிறது; அதனால் மீன்களும் நத்தைகளும், அதாவது ஆமையின் உண்மையான இரை, அழிகின்றன. சோறு, ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வளர்க்க முடியாத செங்காது ஆமையைப் புண்ணியம் என்று எண்ணி அக்குளத்தில் விடுவது இதைவிடக் கெடுதல். அது நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.