அது கேஸ் வலி இல்லை

கேள்வி: வயது 38. எடை குறைய இரைப்பை பைபாஸ் செய்து ஐந்து மாதமாகிறது. 27 கிலோ குறைந்திருக்கிறேன். கல் வராமலிருக்கக் கொடுத்த மாத்திரையை, நெட்டில் படித்துவிட்டு இரண்டாம் மாதமே நிறுத்தினேன். இப்போது ஸ்கேனில் பித்தப்பையில் சிறு கற்கள். இரண்டு முறை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வலது மேல்வயிற்றில் வலி வந்து தோள்பட்டை வரை இழுத்தது. கேஸ் மாத்திரை போட்டேன். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் கல் வெளியேறுமா? தக்காளியால் வந்த கல்லா? முடியும் கொட்டுகிறது. இன்னொரு ஆபரேஷனா என்று பயமாக இருக்கிறது.

பதில்: ஆமாம், அநேகமாக இன்னொரு ஆபரேஷன்தான். லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுப்பது, பைபாஸைவிடச் சிறியது. வலி தராத கல்லாக இருந்தால் விட்டுவைக்கலாம். உங்களுடையது இரண்டு முறை குரல் கொடுத்துவிட்டது. பித்தப்பை போனாலும் பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குடலுக்கு வரும், செரிமானம் நடக்கும்.

எடை வேகமாகக் குறையும்போது பித்தநீரில் கொழுப்பு கூடுகிறது. சாப்பாடும் குறைவதால் பித்தப்பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கிக் கல்லாகிறது. முதல் ஆறு மாதம்தான் இதற்குப் பேர்போன காலம். நீங்கள் நிறுத்திய அர்சோடியாக்சிகோலிக் மாத்திரை அதைத் தடுக்கக் கொடுத்ததுதான். வலி தொடங்கிய பிறகு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. தக்காளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடி கொட்டுவது இந்த மாதங்களில் வழக்கம், திரும்ப வளரும். புரதத்தையும் இரும்புச்சத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆலிவ் எண்ணெயைத் தொடாதீர்கள். அதைக் குடித்தபின் மலத்தில் வரும் பச்சை உருண்டைகள் பெரும்பாலும் குடலில் எண்ணெய் சோப்பாகித் திரண்டவை, கல் அல்ல. அத்தனை கொழுப்பு ஒரேயடியாகப் போனால் பித்தப்பை இறுகிச் சுருங்கி, சிறு கல்லைப் பித்தநீர் குடலுக்கு வரும் குழாய்க்குள் தள்ளிவிடலாம்.

நான் பயப்படுவது அதற்குத்தான். கல் குழாயை அடைத்தால் மற்றவர்களுக்கு வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டு எடுத்துவிடுவோம். பைபாஸில் பாதையையே மாற்றியிருப்பதால் உங்களுக்கு அந்தக் குழாய் சாதாரணமாக எட்டாது. வேறு வழி தேட வேண்டும், எல்லா ஊரிலும் அந்த வசதி இருக்காது. ஆகவே கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறமானாலோ, வலியோடு குளிர் காய்ச்சல் வந்தாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அடைத்த குழாயை அது திறக்காது. வலி முதுகுக்குப் பரவி வாந்தி நிற்காவிட்டாலும் அப்படியே, கணையம் வீங்கியிருக்கலாம். போனதும் முதலில் ‘எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியிருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

இப்போது வலி இல்லை என்றாலும் தள்ளிப்போடாமல், இந்த வாரமே பைபாஸ் செய்த மருத்துவரிடம் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டித் தேதி வாங்குங்கள்.