வெளியே அரை மணி நேரம் அடக்கிக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் உச்சா போகும் குட்டி நாயை எப்படிப் பழக்குவது?

உங்கள் கேள்வியின் சுருக்கம் இது: நான்கு மாத டாஷ்ஹண்ட் (நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள சின்ன இனம்) குட்டி, வெளியே எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் போவதில்லை. உள்ளே வந்த இரண்டாவது நிமிஷம் சோஃபாவுக்குப் பின்னால் போய்விடுகிறது. திட்டிப் பார்த்தாயிற்று, மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்த்தும் பார்த்தாயிற்று. சின்ன இனங்கள் எல்லாமே இப்படித்தானா?

சோஃபா என்ற இடத்தில் புத்தக அலமாரி என்று மாற்றிப் போட்டால் மூன்று வருஷத்துக்கு முந்தைய என் வீடுதான் இது. என் நாயும் டாஷ்ஹண்ட்தான், பெயர் மிளகு. கறுப்பாக, குட்டியாக இருந்தான் என்று வைத்த பெயர். காரம் பிறகுதான் தெரிந்தது.

முதலில் அந்த மூக்குத் தேய்ப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். நான் அது செய்யவில்லை, ஆனால் கத்தினேன். தரையில் ஈரத்தைப் பார்த்தால் போதும், வீடே அதிரும். அவன் காதை மடக்கிக்கொண்டு வாலை இடுக்கிக்கொள்வான். "பாரு, தப்புன்னு அவனுக்கே தெரியுது" என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் என் குரல் மாறியது மட்டும்தான். இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் தான் செய்ததையும் இப்போது கிடைக்கும் திட்டையும் நாய் முடிச்சுப் போட்டுப் பார்க்காது.

இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குள் விபத்து குறைந்தது. ஆஹா, வழிக்கு வந்துவிட்டான் என்று நினைத்தேன். ஒருநாள் பேனா உருண்டு அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால், காய்ந்த வளையங்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு இருக்கும். பயல் போவதை நிறுத்தவில்லை, என் கண் எதிரில் போவதைத்தான் நிறுத்தியிருந்தான்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே அவன் ஏன் போகவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. "இந்த ஆள் கண் எதிரில் போனால் ஆபத்து" என்று கற்றுக்கொடுத்தது நான். வெளியே லீஷின், அதாவது அவனைக் கட்டிப் பிடிக்கும் வாரின், மறுமுனையில் நின்று அவனையே முறைத்துக்கொண்டிருப்பதும் அதே ஆள். பிறகு எப்படிப் போவான்?

இன்னொரு தப்பும் செய்துகொண்டிருந்தேன். என்றைக்காவது அதிசயமாக வெளியே போய்விட்டால், வேலை முடிந்தது என்று உடனே தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். அவன் கணக்கில் இதற்கு என்ன அர்த்தம்? உச்சா போனால் வேடிக்கை முடிந்துபோகும். போகாமல் அடக்கினால் இன்னும் மோப்பம் பிடிக்கலாம், இலையைத் துரத்தலாம். நீங்கள் சொல்லும் அந்த அரை மணி நேரத்தில் பாதி இதனால்தான் இருக்கும்.

அதனால் பிடிவாதம் என்ற சொல்லையே கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். டாஷ்ஹண்ட் தன் இஷ்டப்படி நடக்கும் இனம்தான், மறுக்கவில்லை. ஜெர்மனியில் பேட்ஜர் என்ற வளைவாழ் விலங்கைப் பிடிக்க வளர்த்தார்கள். பெயரின் அர்த்தமே பேட்ஜர் நாய். வளைக்குள் நுழைந்தபின் எஜமான் என்ன சொல்கிறான் என்று திரும்பிப் பார்க்கவா முடியும்? தானாக முடிவெடுக்கும் புத்தி அப்படி வந்தது. ஆனால் உச்சா விஷயத்தில் உங்கள் குட்டி நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அப்படியே செய்கிறது.

நான் மாற்றியது இவ்வளவுதான். ஐந்து மீட்டர் நீள லீஷ் ஒன்று வாங்கினேன். தினமும் ஒரே மூலைக்குக் கூட்டிப்போய், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பேச்சு கிடையாது, "போ, போ" என்ற கெஞ்சல் கிடையாது. ஏழெட்டு நிமிஷம் பார்ப்பேன். போகவில்லையா, உள்ளே தூக்கி வருவேன், ஆனால் தரையில் விடமாட்டேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. உள்ளே வந்த இரண்டாவது நிமிஷம் போகிறது என்றால் வெளியே போகும்போதே சிறுநீர்ப்பை நிறைந்துதான் இருந்திருக்கிறது. அந்த நிலையில் வீட்டுக்குள் அவிழ்த்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கூண்டில் விடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி அதே மூலை. சின்ன இனத்தில் ஒரு வசதி, அக்குளில் இடுக்கிக்கொண்டு இன்னொரு கையால் வீட்டு வேலை பார்க்கலாம்.

முதல் நாள் நான்கு முறை உள்ளே வெளியே என்று நடந்தோம். ஐந்தாவது முறை நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் மோப்பச் சத்தம் நின்றுவிட்டது. ஓரக்கண்ணால் பார்த்தால், மூக்கு தரையோடு ஒட்டியிருக்க ஒரு வட்டம், இன்னும் சின்னதாக ஒரு வட்டம், அப்புறம் பின்னங்கால் லேசாக அகன்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதியில் பாராட்டினால் பாதியிலேயே நிறுத்திவிட்டு வாலாட்டி ஓடி வருவார்கள், மீதியை வீட்டில் வந்து முடிப்பார்கள். அதையும் ஒருமுறை பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முழுதாக முடித்து நிமிர்ந்ததும் அந்த இடத்திலேயே, அந்த நொடியிலேயே, பட்டாணி அளவுக்கு ஒரு தின்பண்டம். வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் அது வீட்டுக்கு வந்ததற்கான கூலி ஆகிவிடும், அதனால் பையிலேயே வைத்திருங்கள். அதன் பிறகு பத்து நிமிஷம் வெளியிலேயே விளையாட்டு. போனால்தான் வேடிக்கை ஆரம்பம் என்று கணக்கைத் தலைகீழாக மாற்றியாக வேண்டும்.

அடுத்தது நோட்டு. சாப்பிட்டது, தூங்கி எழுந்தது, தண்ணீர் குடித்தது, போனது எல்லாவற்றையும் நேரம் போட்டு ஐந்து நாள் எழுதினேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் "எப்போ பார்த்தாலும் போறான்" என்று நாங்கள் புலம்பியது பொய் என்று அதில் தெரிந்தது. தூங்கி எழுந்த உடனே, சாப்பிட்டுப் பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள், விளையாட்டு சூடு பிடித்த கால் மணியில். பெரும்பாலும் இந்த மூன்றுதான். வயிற்றில் சாப்பாடு விழுந்ததும் குடல் அசைய ஆரம்பிப்பது உடம்பின் இயல்பு, அதனால்தான் கக்காவும் சாப்பாட்டை ஒட்டியே வரும். கிண்ணத்தில் எப்போதும் சாப்பாடு கிடந்தால் இந்த நேரக்கணக்கே வராது. வேளைக்கு வைத்து, கால் மணியில் எடுத்துவிடுங்கள். நான்கு மாதத்துக்கு மூன்று வேளை. பொடி இனங்களைப் பட்டினி போடக் கூடாது, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தண்ணீரையும் பகலில் நிறுத்தாதீர்கள்.

எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு, வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு வாய்க்கணக்கு சொல்வார்கள். நான்கு மாதம் என்றால் ஐந்து மணி நேரம். அதை நம்பி மோசம் போகாதீர்கள். அது அசையாமல் தூங்கும்போது, அதுவும் அதிகபட்சம். சின்ன உடம்புக்குச் சின்னப் பை. விழித்து ஓடிக்கொண்டிருக்கும் குட்டியை முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே கொண்டுபோவதுதான் நிஜம். இரவு நடுவில் ஒருமுறை அலாரம் வையுங்கள். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிக்கொண்டு போய்த் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் மூன்று மணிக்கு விளையாட்டுக்குக் கூப்பிட ஆரம்பிப்பான்.

கூண்டு என்றதும் பாவம் என்று தோன்றலாம். தண்டனையாக அடைத்தால் பாவம்தான். சாப்பாடும் பொம்மையும் உள்ளேயே கிடைத்தால் அது அவனுடைய அறை. எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். வளர்ந்தபின் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கினால் ஒரு மூலையைக் கழிவறையாக்கிவிட்டு மறு மூலையில் சுகமாகத் தூங்குவான்.

அந்த சோஃபாவின் பின்பக்கத்தை இன்றைக்கே துடையுங்கள், ஆனால் அம்மோனியா கலந்த எதையும் ஊற்றாதீர்கள். மூத்திரம் காய்ந்தால் வருவதும் அதே வாசனைதான், கழுவக் கழுவ முகவரி எழுதி வைத்த மாதிரி ஆகும். செல்லப்பிராணிகளுக்கென்றே, வாசனையைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவம் கிடைக்கிறது. ஊற்றி ஊறவிட்டுத் தானாகக் காயவிட வேண்டும். மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். நமக்கு வாசனை போய்விட்டது என்பதால் அவனுக்கும் போய்விடாது.

நாய் உச்சா போக வீட்டுக்குள் விரிக்கும், ஈரத்தை உறிஞ்சும் பேட் பற்றி: தடுப்பூசி முடியாத குட்டியை மற்ற நாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கக் கூடாது, குட்டிகளின் உயிருக்கே ஆபத்தான பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அந்த நிலையில் மொட்டை மாடியோ பால்கனியோ பேட்டோதான் கதி. மற்றபடி எனக்கு அதில் பிடிப்பில்லை. காலடியில் மெத்தென்று இருந்தால் போகலாம் என்று கற்றவனுக்குக் கால்மிதியும் பேட்தான்.

திடீரென்று நிலைமை மோசமானால் பழக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். மூன்று வாரம் ஒழுங்காக இருந்த மிளகு ஒரு சாயங்காலம் எட்டு இடத்தில் சொட்டுச் சொட்டாகப் போனான். திமிர் என்றுதான் நினைத்தேன். மறுநாள் கால்நடை மருத்துவர் சிறுநீரைச் சோதித்துவிட்டுத் தொற்று என்றார். மருந்து கொடுத்ததும் சரியானது. அடிக்கடி கொஞ்சமாகப் போவது, முக்குவது, நிறம் சிவந்திருப்பது தெரிந்தால் அன்றே காட்டுங்கள். உங்களைப் பார்த்ததும் குனிந்து வாலாட்டிக்கொண்டே கொஞ்சம் விடுகிறது என்றால் அது வேறு, சந்தோஷமோ பயமோ மிஞ்சிப்போனதால் வருவது. அதற்குத் திட்டினால் இன்னும் கூடும்.

எத்தனை நாள் ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். எங்களுக்கு ஒரு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது, நம்பி வீடு முழுக்க விட எட்டு மாத வயது ஆயிற்று. ஆரம்பத்தில் ஓர் அறைதான். என் கண் அவன் மேல் இல்லாதபோது லீஷ் என் இடுப்பில் கட்டியிருக்கும். ஒரு மாதம் முழுக்க விபத்தே இல்லை என்றால் இன்னொரு அறையைத் திறப்போம். ஏழாவது மாதம் மேஜைக் காலில் தன் காலைத் தூக்கி உச்சா அடித்து ஒருமுறை வயசுக்கு வந்ததை அறிவித்தான், மறுபடி ஓர் அறை.

மழையை மட்டும் இன்றுவரை ஜெயிக்கவில்லை. நாலு விரல் உயரத்தில் வயிறு இருப்பவனுக்கு ஈரப் புல் என்றால் குளிர்ந்த தண்ணீரில் இறங்குவது மாதிரிதானே. தூறல் விழுந்தால் வாசலில் உட்கார்ந்து முதலில் வானத்தைப் பார்ப்பான், அப்புறம் ஆணியில் தொங்கும் குடையைப் பார்ப்பான், அப்புறம் என்னைப் பார்ப்பான். குடையை அவன் தலைக்குப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல முதுகைக் காட்டி, நான் நனைந்துகொண்டு நிற்கிறேன்.