பட்டறைக் கேள்விகள்: பல்லை எண்ணாமல் ராட்செட் வாங்குவது எப்படி?

ராட்செட் பற்றி வந்த கடிதங்கள் மேசையில் சேர்ந்துவிட்டன. சாக்கெட் என்கிற கிண்ண முனையை மாட்டி நட்டு, போல்ட்டைத் திருப்பும் கைப்பிடிதான் ராட்செட்; உள்ளே இருக்கும் பல் சக்கரத்தால் ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் சும்மா சுழலும். புதூரில் கார் பட்டறை வைத்திருக்கும் நான் தினமும் கையில் பிடிக்கிற சாமான் என்பதால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் மதுரையில் ஒரு கார் பட்டறையில் சேரப் போகிறேன். சொந்தமாக டூல்ஸ் வேண்டும் என்கிறார்கள். அரை இஞ்ச் சாக்கெட் செட்டைப் பெட்டியோடு வாங்கிவிடு, ஆயுசுக்கும் போதும் என்கிறார் அப்பா. வாங்கலாமா?
— வாசகர், உசிலம்பட்டி

தம்பி, அப்பா டிராக்டரும் லாரியும் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். அந்த வேலைக்கு அவர் சொல்வது சரி. கார் பட்டறைக்கு நீங்கள் முதலில் வாங்க வேண்டியது 3/8 இஞ்ச் ராட்செட்.

காரணம் சொல்கிறேன். சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவைத்தான் கால் இஞ்ச், 3/8, அரை இஞ்ச் என்கிறோம். சர்வதேசத் தர அளவுப்படி கால் இஞ்ச் ராட்செட் ஏறக்குறைய 60 நியூட்டன் மீட்டர் (திருப்பும் பலத்தின் அளவு) முறுக்கைத் தாங்க வேண்டும். 3/8 என்றால் 200. அரை இஞ்ச் என்றால் 500. இப்போது காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். கண்ணில் படுவதெல்லாம் பெரும்பாலும் 10, 12, 13, 14 மி.மீ. சாக்கெட் போடும் போல்ட்டுகள். 10 சாக்கெட் போடும் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டுக்குத் தேவையான முறுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். அரை இஞ்ச் ராட்செட்டின் கைப்பிடி 25 செ.மீ. நீளம் இருக்கும். அதன் நுனியில் நீங்கள் பத்து கிலோ அளவுக்கு லேசாக அழுத்தினாலே 25 நியூட்டன் மீட்டர் போய்விடும். போல்ட்டின் கழுத்து முறிந்து பாதி அலுமினியத்துக்குள்ளேயே நின்றுவிடும். அதை வெளியே எடுக்க ஒரு மத்தியானம் போகும், கஸ்டமர் வேறு பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். சின்ன போல்ட்டுக்குச் சின்ன ராட்செட் என்று நான் பையன்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ராட்செட் கையில் இருக்கும்போது போல்ட் இறுகுவது விரல்களுக்குத் தெரிய வேண்டும். பெரிய ராட்செட்டில் அது தெரியாது.

பெட்டி செட்டைப் பற்றி. ஐம்பது உருப்படி, நூறு உருப்படி என்று அட்டையில் போட்டிருக்கும். அதில் பாதி சின்னச் சின்ன பிட்டுகள். விலையைக் குறைக்க வேண்டும் என்றால் கம்பெனிக்காரர் முதலில் கை வைப்பது ராட்செட்டின் உள்பாகத்தில்தான், ஏனென்றால் அது வெளியே தெரியாது. அதனால் ராட்செட்டைத் தனியாக வாங்குங்கள். அதோடு 8, 10, 12, 13, 14, 17, 19 சாக்கெட்டுகள், 75 மி.மீ., 150 மி.மீ. எக்ஸ்டென்ஷன் (ராட்செட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டும் கம்பி) இரண்டு. மாருதி, டொயோட்டா மாதிரி ஜப்பான் வழி வந்த வண்டிகளில் 12, 14 அதிகம் வரும். ஐரோப்பிய வழி வண்டிகளில் 13 அதிகம். சாக்கெட் ஆறு முனை உள்ளதாக இருக்கட்டும். பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் முனையை உருட்டிவிடும்.

கடையில் எப்படிப் பார்ப்பது? முதலில் சதுர முனையை இரண்டு விரலால் லேசாகப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைச் சும்மா சுழலும் பக்கம் சுழற்றுங்கள். விரலுக்குள் முனை நிற்க, கைப்பிடி மட்டும் சட்டென்று வர வேண்டும். முனையும் சேர்ந்து சுழன்றால் வேண்டாம். நட்டு கொஞ்சம் தளர்ந்த பிறகு வேலை செய்யும்போது இந்த இழுப்பு உங்களைப் படுத்தி எடுத்துவிடும். ராட்செட் பின்னால் போகும்போது நட்டும் கூடவே பின்னால் வரும்; எவ்வளவு ஆட்டினாலும் கழலாது. கடைசியில் ராட்செட்டைக் கீழே வைத்துவிட்டு விரலால் கழற்றுவீர்கள்.

அடுத்தது, திசை மாற்றும் நெம்பு. எண்ணெய் பட்ட கட்டை விரலால் மாற்ற முடிய வேண்டும். அதே நேரம், ரேடியேட்டர் குழாயில் இடித்ததும் தானாகத் திரும்பிவிடக் கூடாது. பிறகு தலையின் கனத்தைப் பாருங்கள். ஆல்டர்னேட்டருக்கும் பாடிக்கும் நடுவில் நுழைகிற தலை மெல்லியதாக இருந்தால்தான் வேலை நடக்கும். சாக்கெட்டை மாட்டித் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். சதுர முனையில் இருக்கும் சின்னக் குண்டு அதை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

'குரோம் வனேடியம்' என்று கைப்பிடியில் அடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் பேசுவார். அது எந்த உலோகம் என்பதைத்தான் சொல்கிறது. எப்படிச் சூடாக்கி, எப்படிக் குளிர்வித்து உரமேற்றினார்கள் என்பதை அது சொல்லாது. ராட்செட்டின் உயிரே அந்த உரத்தில்தான் இருக்கிறது. கடைசியாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இதுக்கு ரிப்பேர் கிட் (மாற்று உள்பாகங்கள்) கிடைக்குமா?" கிடைக்கும் என்றால் அந்தக் கம்பெனி தன் சாமான்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பட்டறையில் சேர்ந்த பிறகு, பெரியவர்களிடம் கேட்டு அவர்கள் ராட்செட்டை ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். பல வருடம் உழைத்த நல்ல ராட்செட் கைக்கு எப்படி இருக்கும் என்பது அதில்தான் பிடிபடும். முடிந்தால் வாங்குவதை அதுவரை தள்ளிப்போடுங்கள்.

சொந்த ஸ்விஃப்டில் சின்ன வேலைகளை நானே பார்ப்பேன். 72 பல் ராட்செட்டுக்கும் 120 பல் ராட்செட்டுக்கும் விலை நிறைய வித்தியாசம். பல் கூடக்கூட நல்லதா?
— வாசகர், திருமங்கலம்

பல் எண்ணிக்கை என்பது ஒரு கணக்கு. 360-ஐ அதால் வகுத்தால், அடுத்த பல்லில் மாட்ட எத்தனை பாகை ஆட்ட வேண்டும் என்று தெரியும். 24 பல்லுக்கு 15 பாகை, 36-க்கு 10, 72-க்கு 5, 120-க்கு 3. கைப்பிடி 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் நுனி நகர வேண்டிய தூரம் 24 பல்லில் ஐந்து செ.மீ.க்கு மேல். 72 பல்லில் ஒன்றேமுக்கால் செ.மீ. 120 பல்லில் ஒரு செ.மீ. சொச்சம். 24-லிருந்து 72-க்கு வரும்போது பெரிய லாபம். 72-லிருந்து 120-க்குப் போகும்போது மிச்சமாவது முக்கால் செ.மீ.கூட இல்லை. உங்கள் வண்டியில் அந்த முக்கால் செ.மீ. இல்லாமல் திணறுகிற இடம் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

பல் நெருங்க நெருங்க ஒவ்வொரு பல்லும் சின்னதாகும். நல்ல கம்பெனிகள், பல்லில் கடிக்கிற நாக்கை அகலமாக்கி ஒரே நேரத்தில் பல பற்கள் சேர்ந்து பாரத்தைத் தாங்கும்படி செய்கிறார்கள். அதற்குத் துல்லியமான வேலைப்பாடு வேண்டும், அதனால் விலை கூடுகிறது. மலிவு விலையில் 120 பல் என்று பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அந்த விலைக்கு அந்தத் துல்லியம் வராது.

ஜப்பானின் கோக்கென் கம்பெனியின் பேர் பெற்ற ராட்செட் ஒன்றில் 36 பல்தான். ஆனாலும் அதைக் கையில் எடுத்தவர்கள் கீழே வைக்க மாட்டார்கள். பின்னிழுப்பு அவ்வளவு குறைவு. நான் சொல்வது இதுதான்: 72 பல், இழுப்பு இல்லாமல் சுழல்வது, பெயர் தெரிந்த கம்பெனி. மிச்சப் பணத்தில், எவ்வளவு முறுக்கில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று சின்னதாக வாங்குங்கள். ஸ்பார்க் பிளக்கைச் சரியான முறுக்கில் வைக்க அது உதவும்.

மேலூர் பக்கம் கிரானைட் லாரிகள் போகிற சாலையோரம் எங்கள் பட்டறை. ராட்செட் திடீர் திடீரென்று பல் தாண்டுகிறது. போன வாரம் கை வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. தூக்கிப்போட்டுவிடலாமா?
— வாசகர், மேலூர்

முதலில் அதை உபயோகிப்பதை நிறுத்துங்கள். பாரம் ஏற்றும்போது தாண்டுகிற ராட்செட் ஆபத்து. இந்த முறை முட்டியோடு போனது.

தூக்கிப்போட வேண்டுமா என்பதைத் திறந்து பார்த்த பிறகு முடிவு செய்யலாம். தலையின் பின்பக்கம் சின்ன ஸ்குருக்களோ சர்க்கிளிப் என்கிற வளையக் கிளிப்போ இருக்கும். ஒரு தட்டில் வெள்ளைத் துணியை விரித்து அதன்மேல் வைத்துத் திறங்கள். குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடினால் அப்புறம் தேடவே முடியாது. ஒவ்வொன்றையும் கழற்றுமுன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊர்த் தூசியை வைத்துப் பார்த்தால், உள்ளே கிரீஸும் கல் பொடியும் சேர்ந்து களிமாதிரி இறுகியிருக்கும் என்று நினைக்கிறேன். நாக்கு பல்லுக்குள் முழுதாக இறங்காமல் நுனியில் மட்டும் பிடிக்கிறது, அழுத்தினால் தாண்டுகிறது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். கம்ப்ரஸர் காற்றை மூடிய தலையின் இடுக்கில் அடிக்காதீர்கள், பொடி இன்னும் உள்ளே போகும்.

கழுவிய பிறகு பல்லின் விளிம்பைப் பாருங்கள். கூராக இருந்தால் ராட்செட் பிழைத்தது. ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருக்கலாம். விளிம்பு மழுங்கியோ உடைந்தோ இருந்தால் பல் சக்கரமும் நாக்கும் சேர்ந்த கிட்தான் வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் தின்றுவிடும். கிட் கிடைக்காத கம்பெனி என்றால் மட்டும் தூக்கிப்போடுங்கள்.

மறுபடி மூட்டும்போது வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டிக் கிரீஸை அடைக்காதீர்கள். அது நாக்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும், திரும்பவும் பல் தாண்டும். இளகிய கிரீஸ் ஒரு பூச்சு போதும். இல்லையென்றால் இஞ்சின் ஆயில் ஒன்றிரண்டு சொட்டு. அடுத்தமுறை வாங்கும்போது உங்கள் இடத்துக்கு மூடிய தலை, அதாவது நெம்பைச் சுற்றி இடைவெளி இல்லாத வட்டத் தலையாகப் பாருங்கள். மற்றவர்களுக்கு இதை நான் வற்புறுத்த மாட்டேன்.

கார் நான்தான் ஓட்டுகிறேன். பஞ்சரானால் வீல் நட்டைக் கழற்ற முடியவில்லை. என் தம்பி அரை இஞ்ச் ராட்செட் வாங்கிக் கொடுத்து, கூட ஒரு இரும்புக் குழாயும் தந்திருக்கிறான். குழாயைக் கைப்பிடியில் செருகி அழுத்தினால் சுலபம் என்கிறான். செய்யலாமா?
— வாசகி, வில்லாபுரம்

செய்யாதீர்கள் அக்கா. தம்பியின் அக்கறை சரி, சாமான்தான் தப்பு.

ராட்செட் சுழற்றுவதற்கான கருவி, இறுகியதை உடைத்துத் தளர்த்துவது அதன் வேலை இல்லை. குழாயைச் செருகினால் நீளம் மூன்று மடங்காகும், உள்ளே இருக்கும் சின்ன நாக்கின்மேல் பாரமும் மூன்று மடங்காகும். அது நொறுங்கும் அந்த நொடியில் உங்கள் உடம்பு முழுக்க முன்னால் சாயும்.

உங்களுக்கு வேண்டியது பிரேக்கர் பார் என்கிற நீளக் கம்பி. உள்ளே பல்லே கிடையாது. தலை மடங்கும், அவ்வளவுதான். 60 செ.மீ. நீளம் வாங்குங்கள். அதன் நுனியில் இருபது கிலோ அழுத்தினால் சுமார் 120 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். சின்னக் கார்களின் வீல் நட்டு 100-ஐ ஒட்டித்தான் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். துல்லியமான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். டயர் கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியால் கண்டபடி இறுக்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டும். வண்டியை ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் நிற்கும்போதே தளர்த்துங்கள். தளர்ந்த பிறகு ராட்செட்டைப் போட்டுச் சுழற்றுங்கள், நொடியில் வந்துவிடும்.

கைபலம் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். இது நீளத்தின் கணக்கு.

சில ராட்செட்டின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கிறதே, அது அவசியமா?
— வாசகர், ஆரப்பாளையம்

அழுத்தினால் சாக்கெட் கழன்று விழும். கையெல்லாம் எண்ணெயாக இருக்கும்போது அது பெரிய உதவி. நான் பொத்தான் உள்ளதைத்தான் வாங்குவேன். இதன் பின்னால் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் 1960-களில் இப்படியொரு ராட்செட்டைக் கண்டுபிடித்தார். உரிமையை 10,000 டாலருக்கு அதே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். ராட்செட் பெருமளவில் விற்றது. அதன் உண்மையான மதிப்பைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்று வழக்குப் போட்டார். அது இழுத்து இழுத்து 1989-ல்தான் சமரசத்தில் முடிந்தது. அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் தீபாவளிக்கு வருகிறார். ராட்செட் வாங்கிவரச் சொல்லலாமா, இங்கே கிடைப்பதே போதுமா?
— வாசகர், சோழவந்தான்

வீட்டு வேலைக்கு இங்கே கிடைப்பதே போதும். நாசிக்கின் டபாரியா ஸ்வீடன் கம்பெனி ஒன்றின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது. ஜலந்தர், லூதியானாவில் செய்யும் கைக்கருவிகள் வெளிநாட்டுக்கே ஏற்றுமதியாகின்றன. மேலே சொன்னபடி விரலால் சுழற்றிப் பார்த்து வாங்குங்கள்.

தொழிலாக வைத்திருக்கிறீர்கள், மச்சானும் மனசாரக் கேட்கிறார் என்றால், ஒரே ஒரு 3/8 மட்டும் சொல்லுங்கள். ஜப்பானின் கோக்கென் அல்லது கேடிசி, ஜெர்மனியின் ஸ்டால்வில் அல்லது ஹேசட். விலைக்குத் தகுந்த உழைப்பு இருக்கும். கூடவே அதே மாடலுக்கான ரிப்பேர் கிட்டையும் சேர்த்து வாங்கச் சொல்லுங்கள், இங்கே வந்து தேடினால் சிரமம். கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பிடித்துவைத்துக்கொள்வார்கள், பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பச் சொல்லுங்கள்.