கேள்வி – பதில்: துருவத்துக்குக் குடை பிடிக்க முடியுமா?

கேள்வி: சூரியனுக்கும் பூமிக்கும் நடுவில் விண்வெளியில் பெரிய குடை விரித்தால் துருவப் பனி உருகுவதை நிறுத்திவிடலாம் என்று படித்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிய, சூரியனை ஆராயும் ஆதித்யா விண்கலம் அந்த இடத்துக்கே போய்விட்டதே! பிறகு ஏன் 'கரியை எரிக்காதே, புகையைக் குறை' என்று நம்மையே விரட்டுகிறார்கள்? ஸ்ரீஹரிகோட்டாவில் மூன்றாவது ஏவுதளம் கட்டுவதே இந்தக் குடைக்காகத்தான் என்று இங்கே டீக்கடையில் பேச்சு. உண்மையா?
– ஒரு வாசகர், சூலூர்ப்பேட்டை

பதில்: டீக்கடைப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். உண்மை இல்லை. மூன்றாவது ஏவுதளத்துக்கு மத்திய அமைச்சரவை 2025 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது, இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ராக்கெட்டுகளுக்காக. அந்தத் திட்டத்தில் குடை எதுவும் இல்லை.

ஆதித்யா விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பி, நாலு மாதம் பயணம் செய்து, 2024 ஜனவரி 6 அன்று எல்-1 என்ற இடத்தைச் சுற்றத் தொடங்கியது. பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். பூமியோடு கூடவே சூரியனைச் சுற்றிவர வசதியான இடம் என்பதால், குடைக்காரர்கள் எல்லோரும் கண் வைத்திருப்பதும் அதன் பக்கத்தில்தான். ஆனால் அங்கே எதுவும் தானாக நிற்காது. கொஞ்சம் விலகினால் விலகிக்கொண்டே போகும். ஆதித்யாவையே அவ்வப்போது எஞ்சினை இயக்கித்தான் பாதையில் வைத்திருக்கிறார்கள். அதன் எடை வெறும் ஒன்றரை டன்.

குடையின் எடை என்ன தெரியுமா? அரிசோனா பல்கலைக்கழக வானியலாளர் ரோஜர் ஏஞ்சல் 2006-இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரே குடை இல்லை. 60 செ.மீ. அகலமும் கிராம் சொச்சம் எடையும் உள்ள மெல்லிய தகடுகள், 16 லட்சம் கோடி! மொத்தம் 2 கோடி டன். இவ்வளவும் சேர்ந்து சூரிய ஒளியில் 1.8 சதவீதத்தைக் குறைக்கும். நம்மிடம் இருப்பதில் பெரிய ராக்கெட்டான எல்.வி.எம்.-3 பூமியின் உயரமான சுற்றுப்பாதைக்கே நாலு டன் சொச்சம்தான் தூக்கும். அதே சுமையை எல்-1 வரைக்கும் கொண்டுபோகும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 50 லட்சம் தடவை ஏவ வேண்டும். தினம் ஒன்று என்றால் 13,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 1979-இல் முதல் எஸ்.எல்.வி.யை ஏவிய ஸ்ரீஹரிகோட்டா, நூறாவது ஏவுதலைத் தொட்டதே 2025 ஜனவரியில்தான். ராக்கெட் நாளில் பழவேற்காட்டுப் படகுகள் கரையேறிக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? தினமும் ராக்கெட் என்றால் அவர்கள் என்றைக்குத்தான் கடலுக்குப் போவது? ஏஞ்சலுக்கும் இந்தச் சிக்கல் தெரியும். அதனால்தான் ராக்கெட்டை ஒதுக்கிவிட்டு, மின்காந்த விசையால் தகடுகளைச் சுட்டு அனுப்பலாம் என்றார். அந்தத் துப்பாக்கியை இன்னும் யாரும் செய்யவில்லை.

சரி, எப்படியோ கொண்டுபோய் வைத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். நிழல் துருவத்தில் விழுமா? உச்சி வானத்தில் வட்டமடிக்கும் பருந்தின் நிழலைத் தரையில் பார்த்திருக்கிறீர்களா? தெரியாது. கோழிக்குஞ்சைக் குறிவைத்துத் தாழ இறங்கும்போதுதான் நிழல் கறுத்து ஓடும். காரணம், சூரியன் புள்ளி அல்ல, அகலமான தட்டு. ஒரு பொருள் தன் அகலத்தைப்போல நூறு மடங்கு தூரத்துக்கு மேல் போய்விட்டால் அதன் முழு நிழல் தரைக்கு வந்து சேராது. வெளிச்சம் லேசாக மங்கும், அவ்வளவுதான். 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் தகட்டின் மங்கல் இங்கே வந்து சேரும்போது சுமார் 14,000 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். பூமியின் விட்டமே 12,700 சொச்சம்தான். ஆக, துருவத்துக்கு மட்டும் தனிக்குடை கிடையாது. பிடித்தால் சூலூர்ப்பேட்டைக்கும் சேர்த்துத்தான். தகடுகளை மேலும் கீழுமாக நகர்த்தி மங்கலை ஒரு பக்கமாகச் சாய்க்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. சாய்க்கலாம், குறிபார்க்க முடியாது.

இதைவிடப் பெரிய சங்கடம் துருவத்திலேயே இருக்கிறது. அங்கே குளிர்காலம் என்றால் மாதக்கணக்கில் இரவு. இல்லாத வெயிலுக்கு எதற்குக் குடை? கரியமில வாயுவோ இரவு பகல் பார்க்காமல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கோடையில் குடை உதவும், கிரீன்லாந்தின் மேற்பரப்பு உருகுவது குறையும், மறுக்கவில்லை. ஆனால் கணினி மாதிரிகளில் கரியமில வாயுவை நாலு மடங்காக்கி, உலகச் சராசரி வெப்பநிலை ஏறாதபடி வெயிலைக் குறைத்துப் பார்த்தபோது, நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகள் தேவைக்கு மேல் குளிர்ந்தன, துருவங்கள் கொஞ்சம் சூடாகவே இருந்தன. யாருக்காகக் குடை பிடித்தோமோ அவர்களுக்குத்தான் குறைவான பலன். தெற்கே மேற்கு அண்டார்க்டிகாவில் த்வைட்ஸ் பனியாற்றை அரிப்பது வெயிலே அல்ல, அடியில் புகும் வெதுவெதுப்பான கடல்நீர்.

அதே மாதிரிகளில் இன்னொன்றும் தெரிந்தது. வெப்பநிலை சரியானாலும் உலகத்தின் மொத்த மழை குறைந்தது. நிலத்திலும் கடலிலும் நீரை ஆவியாக்குவது வெயில். அதில் கைவைத்தால் மழையிலும் கைவைத்த மாதிரிதான். ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் மழைநீரால்தான் உங்கள் பழவேற்காடு ஏரியின் உப்பு இறங்குகிறது. இறால் வலை போடுகிறவரிடம் இந்தக் குடையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பனியைப் பற்றிப் பேசமாட்டார், மழையைப் பற்றித்தான் கேட்பார். கடல்நீரில் கரியமில வாயு கரைந்து அமிலத்தன்மை ஏறுவதையும் குடை தடுக்காது. நண்டு, மட்டி என்று ஓடு கட்டும் உயிர்களுக்கு அது தனித் தொல்லை.

குடையின் பிடியை யார் வைத்திருப்பது? இதை ஆந்திர–தமிழக எல்லையில் வாழும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1983-இல் தமிழகத்துக்குக் கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. என்று இரண்டு மாநில முதலமைச்சர்கள் ஒப்பந்தம் போட்டார்கள். கால்வாய் தமிழகத்துக்குள் நுழையும் ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்டைத் தாண்டி அவ்வளவும் வராத வருஷங்களே அதிகம். பக்கத்து மாநிலத்து ஷட்டருக்கே இந்தப் பாடு. வானத்து ஷட்டர் யாரோ ஒரு வல்லரசின் கையில் இருந்தால் எங்கே போய் மனு கொடுப்பது? ஆர்க்டிக் உருகினால் கப்பல் வழி திறக்கும் என்று காத்திருக்கும் நாடுகளும் இருக்கின்றன. ஏஞ்சலின் தகடுகளுக்கு ஆயுள் சுமார் 50 ஆண்டுகள். காற்றில் சேர்ந்த கரியமில வாயு பல நூற்றாண்டுகள் தங்கும். நடுவில் யாராவது பணம் போடுவதை நிறுத்தினால், அதுவரை அடக்கிவைத்த சூடெல்லாம் ஓரிரு பத்தாண்டுகளுக்குள் மொத்தமாக இறங்கிவிடும்.

கடைசியாக உங்கள் கோபம். 'நம்மையே ஏன் விரட்டுகிறார்கள்' என்ற கேள்வி நியாயமானது. ஆண்டுக்கு ஓர் இந்தியரின் பங்கு சுமார் 2 டன் கரியமில வாயு. ஓர் அமெரிக்கரின் பங்கு சுமார் 14 டன். அதற்காகக் குடையை நம்பி உட்காரச் சொல்லமாட்டேன். உங்கள் ஏரிக்கு வடக்கே கிருஷ்ணப்பட்டணம், தெற்கே அத்திப்பட்டு. இரண்டு இடத்திலும் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிகிறது. அந்தச் சாம்பலும் புகையும் துருவத்துக்குப் போகும் முன் உங்கள் வலையிலும் மூச்சிலும்தான் படியும். அமெரிக்காவிடம் 14 டன் கணக்கைக் கேளுங்கள், இங்கே இந்தக் கணக்கையும் கேளுங்கள். இரண்டுக்கும் எல்-1 வரை போக வேண்டியதில்லை.