ஏறி ஓட்டும்போது மட்டும் குதிரையின் மூச்சில் சத்தம்: காரணம் என்ன?

கேள்வி: என் குதிரைக்கு எட்டு வயது. காயடித்த ஆண், நல்ல உயரம். லாயத்தில் நிற்கும்போது மூச்சு சாதாரணமாக இருக்கிறது. நடத்திக் கூட்டிப் போனாலும் ஒன்றும் தெரிவதில்லை. சேணம் போட்டு ஏறி, கேண்டர் (மிதமான ஓட்டம்) வேகத்துக்குக் கொண்டுபோனதும் மூச்சோடு ஒரு கரகரப்பு கேட்கிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. சில நாட்களில் ஓட்டத் தொடங்கியதும் இரண்டு மூன்று முறை இருமுகிறது. இது ஆஸ்துமாவா? ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில்: நீங்கள் சொல்லும் இருமலை வைத்துப் பார்த்தால் ஆஸ்துமா இருக்கலாம். ஆனால் வேகத்தில் மட்டும் வரும் கரகரப்புக்குத் தொண்டைக் கோளாறும் காரணமாகலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். அதனால் நோயின் பெயரை முடிவு செய்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: சத்தம் மூச்சை இழுக்கும்போது வருகிறதா, விடும்போது வருகிறதா?

குதிரையால் மூக்கு வழியாக மட்டும்தான் மூச்சு விட முடியும். நம்மைப் போல வாயைத் திறந்து காற்றை வாங்கிக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. நிற்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 80 லிட்டர் காற்று போதும். முழு வேகத்தில் அது ஆயிரம் லிட்டரைத் தாண்டிவிடும். வழியில் எங்காவது சிறு அடைப்போ தளர்ச்சியோ இருந்தால், லாயத்தில் தெரியாது, ஓட்டத்தில்தான் காட்டிக்கொடுக்கும்.

கேண்டரிலும், கேலப் எனும் முழுவேக ஓட்டத்திலும் குதிரையின் மூச்சு காலடியோடு சேர்ந்தே நடக்கும். நான்கு கால்களும் ஒரு சுற்று வைத்து முடிப்பதற்கு ஒரு மூச்சு. முன்னங்கால்கள் தரையில் ஊன்றும்போது காற்று வெளியே போகும், அவை மேலே இருக்கும்போது உள்ளே வரும். ஆகவே சேணத்தில் உட்கார்ந்தபடியே கணிக்கலாம். இன்னொருவர் ஏறி ஓட்ட, நீங்கள் பக்கவாட்டில் நின்று முன்னங்கால்களைப் பார்த்துக்கொண்டே காதைக் கொடுத்தால் இன்னும் தெளிவாகப் பிடிபடும்.

இழுக்கும்போது ஊதல் போலவோ, வேகம் கூடக்கூட உறுமல் போலவோ கேட்டால் குரல்வளையைச் சந்தேகிக்க வேண்டும். குரல்வளையைத் திறந்து வைக்கும் தசைகளுக்குப் போகும் நரம்பு, இடது பக்கத்தில் மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்தில் ஏறி வருகிறது. அவ்வளவு நீளமான நரம்பு என்பதாலோ என்னவோ, பழுதாவது பெரும்பாலும் இடது பக்கம்தான். அந்தப் பக்கக் குருத்தெலும்பு முழுதாகத் திறக்காமல், இழுக்கும் காற்றோடு உள்ளே சாய்ந்து வழியை அடைக்கும். உயரமான குதிரைகளில் இது அதிகம் என்பதால்தான், உயரத்தை நீங்கள் குறிப்பிட்டதும் எனக்கு முதலில் இது நினைவுக்கு வந்தது. மருந்தால் சரியாகாது. ஆனால் அறுவை சிகிச்சை உண்டு, வேலையைப் பொறுத்து அது தேவைப்படாமலும் போகலாம்.

விடும்போது சத்தம் வந்தால் இரண்டு வகை. மூக்குத் துளை மடிப்பு படபடவென்று அடித்துக்கொள்ளும் சத்தம் சில குதிரைகளுக்கு நிதானமான கேண்டரில் வரும், வேகம் கூடினால் குறையும். அதனால் தீங்கில்லை. நல்ல வேகத்தில் போகும்போது தொண்டையில் தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம் வந்து, குதிரை சட்டென்று தளர்ந்து நின்றுவிட்டால், மென்அண்ணம் (வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்மையான சதை) இடம் மாறி மூச்சு வழியை மறைக்கிறது என்று பொருள். இதைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும்.

சரி, ஆஸ்துமாவுக்கு வருவோம். இதற்குப் பெரும்பாலும் காரணம் உலர்புல்லிலும் படுக்கையிலும் இருக்கும் தூசியும் பூஞ்சையும்தான். ஓட்டத் தொடங்கியதும் இருமல், வேலைக்குப் பின் மூச்சு அடங்கத் தாமதம், முற்றினால் மூச்சை விடும் முடிவில் வயிறு இன்னொரு முறை இறுகித் தள்ளுவது, இவை அடையாளங்கள். வைத்தியர் வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யக்கூடியது உண்டு: உலர்புல்லை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் காய்வதற்குள் தரைமட்டத்தில் வைத்துக் கொடுங்கள். பூஞ்சை வாடை வரும் புல்லுக்கட்டைத் தொடவே வேண்டாம், ஊறவைத்தாலும் அது உதவாது. குதிரையை வெளியே கட்டிவிட்டுத்தான் லாயத்தைக் கூட்ட வேண்டும். மூத்திர நெடி உங்கள் மூக்கில் ஏறினால், அதற்கும் ஏறுகிறது.

கடிவாளத்தையும் பாருங்கள். மூக்குப் பட்டைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். தலையை மார்போடு சேர்த்து மடக்கி ஓட்டும் பழக்கம் இருந்தால் தொண்டை இடுங்கிச் சத்தம் வரும். ஒரு நாள் கழுத்தை நீட்டிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சத்தம் குறைகிறதா என்று தெரிந்துவிடும். அப்புறம் இரண்டு மூக்குத் துளைக்கும் முன் உள்ளங்கையை வைத்து, காற்று சமமாக வருகிறதா என்று உணருங்கள். ஒரு பக்கம் மட்டும் குறைவாக வந்தாலோ, ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தாலோ, மூக்குக் குழியையும் மேல் பற்களின் வேரையும் பார்க்க வேண்டியிருக்கும்.

நிற்கும்போது விலாவைப் பார்த்து ஒரு நிமிட மூச்சை எண்ணுங்கள். 8 முதல் 16 வரை இயல்பு. வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தொற்று இருக்கலாம், மற்ற குதிரைகளிடமிருந்து பிரித்துக் கட்டிவிட்டு வைத்தியரைக் கூப்பிடுங்கள். வெயில் காலத்தில் வேலை முடிந்தும் உடம்பு வியர்க்காமல், மூச்சு மட்டும் வேகவேகமாக ஓடினால் வியர்வைக் கோளாறைச் சந்தேகிக்கலாம். அப்போது நிழலும் குளிர்ந்த தண்ணீரும்தான் முதல் வைத்தியம்.

ஓட்டலாமா என்று கேட்டீர்கள். பரிசோதனை முடியும்வரை, மேலே சொன்ன சிறு சோதனைகளுக்குத் தவிர ஏறாமல், நடத்தி மட்டும் கூட்டிப் போங்கள். மூக்கில் ரத்தம் வந்தாலோ, நிற்கும்போதே மூக்குத் துளை விரிந்து வயிறு தூக்கித் தூக்கிப் போட்டாலோ, ஈறு நீலம் பாய்ந்தாலோ அது அவசரம், அன்றே வைத்தியர் வர வேண்டும். மற்றபடி, சத்தம் தெளிவாகக் கேட்கும்படி ஓட்டத்தைப் பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு முறை, சில நொடிகள் மட்டும், அலைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை சோர்ந்திருந்தால் அதையும் செய்ய வேண்டாம். வைத்தியர் மூக்கு வழியாக எண்டோஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) விட்டுத் தொண்டையைப் பார்ப்பார். நிற்கும்போது எல்லாம் சரியாகத் தெரிந்தால், ஓடும்போதே படம் பிடிக்கும் எண்டோஸ்கோப் இருக்கும் இடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஓட்டத்தில் மட்டும் வரும் கோளாறு அதில்தான் சிக்கும்.