அம்மா வாங்கும் செட் மாத்திரை

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் கிராமம். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 51 வயது. இரண்டு வருஷத்தில் 12 கிலோ ஏறிவிட்டார். தைராய்டு பார்த்தோம், நார்மல். ராத்திரி சோற்றை நிறுத்தியும் குறையவில்லை. கை கால் குச்சியாகத்தான் இருக்கிறது, முகமும் வயிறும் மட்டும் உப்பிவிட்டன. சர்க்கரையும் வந்துவிட்டது. மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் தவறாமல் போய்விடுவார், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய குழுக் கடன் இருக்கிறது. எனக்குத் தெரியாமல் எதையாவது தின்கிறாரா? வாயைக் கட்ட என்ன வழி?

பதில்: தம்பி, வாயைக் கட்டுவது இருக்கட்டும். செட் மாத்திரை என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே, அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? சோற்றுக்குக் கணக்குக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல, ஊர்ப் பெயர்தான் மாறும். பெயர் தெரியாத மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றெரிச்சலுக்கு. கூட இருக்கும் சின்ன மாத்திரை பல நேரம் டெக்ஸாமெத்தசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. நாள் பூராவும் சேற்றில் குனிந்து நின்ற இடுப்பு அதைப் போட்டதும் லேசாகிவிடும். அதனால்தான் மறுநாளும் கேட்டு வாங்குகிறார்கள். டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து அது.

மாதக்கணக்கில் உள்ளே போனால் அது கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் பிடரியிலும் சேர்க்கும். கை கால் தசையைக் கரைக்கும். பசியைக் கூட்டும், சர்க்கரையையும் பிரஷரையும் ஏற்றும், எலும்பை அரிக்கும். நீங்கள் எழுதிய அடையாளங்களை இதோடு ஒத்துப் பாருங்கள். வயிற்றில் ஊதாநிறக் கோடுகள் இருக்கின்றனவா, லேசாக இடித்தாலே தோல் கன்றிப்போகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும்தான், ஆனால் பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பாதிக்குமேல் உப்பும் நீரும். மாதவிடாய் நிற்கிற வயது, சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின் என்று வேறு காரணங்களும் உண்டு. அதெல்லாம் டாக்டர் பார்க்கட்டும். தைராய்டு நார்மல் என்று ஒரு காகிதம் வந்ததும் பெற்றவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள் என்று முடிவு கட்டினீர்களே, அது எனக்குப் பொறுக்கவில்லை.

இதைப் படித்த வேகத்தில் போனைப் போட்டு, "மாத்திரையைத் தூக்கிப் போடும்மா" என்று சொல்லிவிடாதீர்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிதான் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கார்டிசால் மாதிரியே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அந்தச் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். ஆற்றுத் தண்ணீரை நம்பி மோட்டாரை ஓட்டாமல் விட்டவன் கதைதான்: தண்ணீர் திடீரென்று நின்றால் அன்றைக்கே மோட்டார் ஓடாது. மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் இறங்கி மயக்கம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்.

ஆகவே லீவு போட்டு ஊருக்குப் போங்கள். தங்கையையோ பக்கத்து வீட்டுக்காரரையோ அனுப்பாதீர்கள், மகன் போக வேண்டிய இடம் இது. திருவாரூர் அல்லது தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போய், எத்தனை மாதமாகப் போடுகிறார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காலையிலேயே போனால் நல்லது, கார்டிசால் ரத்தப் பரிசோதனையை எட்டு மணி வாக்கில் எடுப்பார்கள். அதோடு சர்க்கரை, பிரஷர், எலும்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தக் குழுக் கடன். தங்கை கல்யாணத்துக்கு வாங்கியது என்றால் அது அண்ணன் கடனும்தான். 51 வயதில் மாத்திரை போட்டுத்தான் வயலில் இறங்க முடிகிறது என்றால் அந்த உடம்பு வேலைக்குப் போகிற உடம்பு அல்ல. இந்த மாதத் தவணையிலிருந்து நீங்கள் கட்டுங்கள். டாக்டர் சொல்லும்வரை அம்மா நடவுக்குப் போக வேண்டாம்.