பழைய கொமெடிக் கூட்டம், பத்து வருடம் கழித்து: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 2014இல் ஒரு ரியூசன் கொட்டிலை வைத்து, நாலு பெடியங்கள் பற்றிய எட்டுப் பகுதிக் கொமெடித் தொடர் ஒன்றை யூரியூப்பில் போட்டோம். அதே நாலு பேரையும் இப்போது முப்பது வயதுக்காரராக வைத்து இன்னொரு தொடர் எடுக்க ஆசை. எதில் தொடங்குவது? (வாசகர், கிளிநொச்சி)

பதில்: கதையில் தொடங்க வேண்டாம். முதலில் எட்டுப் பகுதிகளையும் நாலு பேரும் ஒன்றாக இருந்து ஒரே நாளில் பாருங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள் எடுத்து நாலு விடயங்களை எழுதுங்கள்: எதற்கு ஆசைப்பட்டான், எதற்குப் பயந்தான், எப்படிப் பொய் சொன்னான், யாருக்கு அடங்கி நடந்தான். திரையில் வந்ததை மட்டும் எழுதுங்கள். நினைவில் இருப்பது பெரும்பாலும் நடிகருடைய குணம், பாத்திரத்தின் குணம் அல்ல. முதல் மூன்றும் அப்படியே நிற்கட்டும். நாலாவதைப் புரட்டிப் போடுங்கள்.

இந்தப் புரட்டல்தான் இவ்வகைத் தொடர்களின் அச்சாணி. 1993 முதல் 2000 வரை அமெரிக்காவில் ஓடிய ‘போய் மீற்ஸ் வேர்ள்ட்’ தொடரில் கோரி ஒரு மாணவன். ஃபீனி அவனுடைய ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரரும்கூட. 2014இல் டிஸ்னி சனலில் தொடங்கிய ‘கேர்ள் மீற்ஸ் வேர்ள்ட்’ தொடரில் கோரியே வரலாற்று ஆசிரியர். வகுப்பில் இருப்பது அவருடைய மகள் ரைலி. பதற்றக்காரன் பதற்றக்காரனாகவே இருக்கிறான், ஆனால் மேசையின் மறுபக்கம் வந்துவிட்டான். ‘ஃபுல் ஹவுஸ்’ என்ற இன்னொரு அமெரிக்கத் தொடரில் மனைவியை இழந்த தகப்பன், மைத்துனனையும் நண்பனையும் துணைக்கு வைத்து மூன்று பெண்பிள்ளைகளை வளர்த்தார். 2016இல் நெற்ஃபிளிக்ஸில் வந்த ‘ஃபுல்லர் ஹவுஸ்’ தொடரில் மூத்த மகள் டிஜே கணவனை இழந்து, தங்கையையும் தோழியையும் துணைக்கு வைத்து மூன்று ஆண்பிள்ளைகளை வளர்க்கிறார். வீட்டின் சட்டகம் அதே, சுமை மட்டும் தோள் மாறியிருக்கிறது. உங்கள் நாலு பேரில் மாஸ்ரருக்குப் பயந்து பின்வேலியால் பாய்ந்தவன் ஒருவன் இருந்தால், இன்று அதே கொட்டிலில் பாடம் எடுக்க வேண்டியவன் அவன்தான்.

பிழைக்கும் இடம் பெரும்பாலும் முதல் பகுதி. ‘ஃபுல்லர் ஹவுஸ்’ முதல் பகுதியில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வர, பார்வையாளர் கைதட்ட, கதை நிற்கிறது. கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பதைப் போன்ற காட்சி அது. நீங்கள் முதல் பகுதியில் இரண்டு பேரை மட்டும் காட்டுங்கள். மூன்றாமவன் கடைசி நிமிடத்தில் வரட்டும், நாலாமவன் அடுத்த பகுதியில். பழைய பகிடி பகுதிக்கு ஒன்று போதும், அதற்கும் வயது ஏறியிருக்க வேண்டும். அன்று சைக்கிளை இரவல் வாங்கிக் காற்றில்லாமல் கொண்டுவந்து விட்டவன், இன்று மோட்டார் சைக்கிளை வாங்கிப் பெற்றோல் இல்லாமல் விடட்டும். சொல்லும் சமாதானம் மட்டும் பழைய சமாதானமாகவே இருந்தால், பழைய தொடரைப் பார்க்காதவனும் சிரிப்பான்.

பகுதி ஒன்று 10 முதல் 12 நிமிடம். பிரதியை நாலு பேரும் குரல்விட்டு வாசித்து, போனில் நேரம் பிடியுங்கள். வாசிக்க 9 நிமிடம் எடுத்தால் நடிக்கும்போது 11க்குக் கிட்ட வரும். நடப்பதும் திரும்புவதும் பார்ப்பதும் பிரதியில் தெரியாது. சிக்கல் முதல் நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

கேள்வி: எங்கட தொடரில் முக்கியமான ஒருவர் இப்போது ரொறன்ரோவில். வேறு ஆளைப் போடலாமா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: போடாதீர்கள். வளர்ந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே மக்கள் வருகிறார்கள். ‘ஃபுல் ஹவுஸ்’ கடைக்குட்டி மிஷெலாக மாறி மாறி நடித்த ஒல்சன் இரட்டையர் திரும்பி வரவில்லை. தொடர் ஆள் மாற்றவில்லை; மிஷெல் நியூயோர்க்கில் ஆடை வடிவமைப்புத் தொழிலில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுக் கதையைக் கொண்டுபோனது.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. வன்னியில் வெளிநாட்டில் ஒருவர்கூட இல்லாத நண்பர் கூட்டம் அரிது. அவரை வீடியோ அழைப்பிலேயே ஒரு முழுப் பாத்திரமாக வைத்திருங்கள். ஆனால் அழைப்புத் திரையைப் பதிவு செய்து பாவிக்கக் கூடாது, படம் உடைந்து குரல் பிந்தும். அவர் தன்னுடைய போனில் தன் காட்சியை எடுக்கட்டும். வசனம் கொடுக்கும் அழைப்பு இன்னொரு போனில், ஒரு காதில் மட்டும் மாட்டிய இயர்போன் வழியாக. தொடக்கத்தில் கமராவுக்கு முன்னால் ஒருமுறை கை தட்டினால், படத்தையும் ஒலியையும் பொருத்த உதவும்.

இரண்டு பக்கமும் கமராவை நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். 25 சட்டகமும், ஒவ்வொரு சட்டகத்துக்கும் 1/50 செக்கன் ஒளி விடும் ஷட்டரும் வைத்தால் ரியூப் லைற் துடிக்காது. கனடாவில் 60 ஹேர்ட்ஸ். அதே அமைப்பில் அங்கே மின்விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை ஓடும். ஆகவே அவர் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலைப் பார்த்து இருந்து பகல் வெளிச்சத்தில் எடுக்க வேண்டும். கோடையில் அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு 7.30; குளிர்காலத்தில் இரவு 8.30. அங்கே பகல், இங்கே இரவு என்பதை மறைக்க வேண்டாம், அதற்குள்ளேயே பகிடி இருக்கிறது. கோப்பை வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய தொடர் எடுத்த கொட்டில் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம். அதே மாதிரிக் கொட்டில் போட்டு எடுப்பதா? (வாசகர், மாங்குளம்)

பதில்: மாடிக் கட்டடத்தையே எடுங்கள். பிரித்தானியாவில் 1964 முதல் 1966 வரை பிபிசியில் கறுப்பு வெள்ளையில் வந்த, இரண்டு நண்பர்கள் பற்றிய ‘த லைக்லி லாட்ஸ்’, 1973இல் வண்ணத்தில் தொடர்ந்தது. ஒருவன் இராணுவத்தில் ஐந்து வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறான். மற்றவன் கல்யாணத்துக்கு ஆயத்தமாகிறான். பழைய தெருக்கள் இடிக்கப்பட்டுப் புதிய குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. இருவரும் சண்டை பிடிப்பதே அந்த மாற்றத்தைப் பற்றித்தான். இவ்வகைத் தொடர்களில் எங்களுக்கு மிகவும் நெருக்கமானது அதுதான் என்பேன். ஏ9 வீதியோரத்தில் வளர்ந்தவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் பழைய காட்சியையும் புதியதையும் அருகருகே வைக்கிறீர்கள் என்றால் கோணம் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். பழைய சட்டகம் ஒன்றை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள். கிட்ட இருக்கும் ஒரு பொருளும் தூர இருக்கும் ஒன்றும், உதாரணமாகக் கிணற்றுக்கட்டும் பனையும், படத்தில் எப்படி ஒன்றையொன்று மறைக்கின்றன என்று பாருங்கள். அதே மாதிரி மறைக்கும் வரை நடந்து நடந்து நில்லுங்கள். இடம் சரிவந்த பிறகுதான் சூம். இன்றைய போன்களின் பிரதான லென்ஸ் பழையவற்றைவிடக் கொஞ்சம் அகலமாகப் பிடிக்கும் என்பதால் 1.2 மடங்கு அளவில் தேவைப்படலாம். அகலமாகத் தெரிகிறதே என்று முன்னால் நடந்து போனால் பின்னணி முழுதும் கெட்டுவிடும். மாதத்தையும் பாருங்கள்: மார்கழியில் பச்சையாக இருந்த வயலை ஆவணியில் போய் எடுத்தால் எந்தப் பொருத்தமும் நிற்காது.

கேள்வி: சிரிப்புச் சத்தம் சேர்க்கலாமா? ஒலிப்பதிவும் எங்களுக்குச் சரிவருவதில்லை. (வாசகி, வவுனியா)

பதில்: சேர்க்க வேண்டாம். மேலே சொன்ன அமெரிக்கத் தொடர்கள் அரங்கில் ஆட்களை இருத்தி, பல கமராக்களால் எடுக்கப்பட்டவை. சிரிப்பு அடங்கும் வரை நடிகர் காத்திருப்பார், அந்த இடைவெளி நடிப்பிலேயே இருக்கும். வீட்டு முற்றத்தில் ஒற்றைக் கமராவால் எடுத்ததில் பிறகு சிரிப்பை ஒட்டினால் அடுத்த வசனம் மூழ்கிவிடும்.

ஒலிக்கு, சட்டையில் குத்தும் சிறிய மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். வெளியில் என்றால் மயிர் உறை கட்டாயம், சோளகக் காற்றுக்கு வெறும் பஞ்சு உறை தாங்காது. தகரக் கூரை வெயிலில் விரிந்து வெடுக்கென்று சத்தம் போடும். அந்த வீட்டுக் காட்சிகளைக் காலை ஒன்பதுக்கு முன் முடியுங்கள். மயில் அகவினால் நிறுத்தித் திரும்ப எடுங்கள், அதைப் பிறகு அழிக்க முடியாது. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் 30 செக்கன் பதிவு செய்துவையுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூட அது வேண்டும்.

கேள்வி: முதல் தொடரை எழுதியவர் இப்போது எங்களோடு இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டார். அவரிடம் கேட்க வேண்டுமா? மூலக் கோப்புகளும் சிதறிக் கிடக்கின்றன. (வாசகர், முல்லைத்தீவு)

பதில்: கேட்க வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவரின் உரிமை அவர் ஆயுட்காலமும் அதன்பின் 70 வருடமும் நிற்கும். வாய்ச்சம்மதம் போதாது. எழுத்தில், இரு பக்கமும் கையெழுத்திட்டு எடுங்கள். தொடரின் பெயர், எந்தப் பாத்திரங்கள், எத்தனை பகுதி, எங்கே வெளியிடுவது, வருமானத்தில் பங்கு, பெயர் போடும் விதம் எல்லாம் ஒரு பக்கத்தில் அடங்கும். நண்பர்தானே என்று விட்டால், காசு வரத் தொடங்கிய பிறகுதான் வில்லங்கம் வரும்.

கோப்புகளை இன்றே தேடுங்கள். ‘த லைக்லி லாட்ஸ்’ முதல் தொடரின் 20 பகுதிகளில் பல இன்று இல்லை. அந்நாளில் நாடாவை அழித்துத் திரும்பப் பாவிப்பது பிபிசியின் வழக்கம். யூரியூப்பிலிருந்து இறக்கினால் சுருங்கிய பிரதிதான் கிடைக்கும், ஆகவே பழைய மெமறி காட்டையும் பழுதான மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்கையும் முதலில் பாருங்கள். கண்டெடுத்ததை மூன்று இடத்தில் வையுங்கள்: ஒன்று வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரில் உள்ள நண்பர் வீட்டில். வீட்டில் வைப்பதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, கார்த்திகை வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று ஓட்டிப் பாருங்கள்.